பதினெட்டு ரூபாய் எதற்கு? கன்வீனியன்ஸ் ஃபீ பற்றிச் சில குறிப்புகள்

கோவில்பட்டியில் என் பெரியம்மா மகள் வீட்டிலிருந்தே கடலைமிட்டாய், பருப்புப்பொடி, வத்தல் விற்கிறார். முதலில் வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு இணையதளம் வேண்டும் என்றார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருப்பதால் வேலை என் தலையில் விழுந்தது. தளத்தைச் செய்து, ஒரு பேமென்ட் கேட்வேயையும் இணைத்துக் கொடுத்தேன். கேட்வேக்காரர்கள் கமிஷன் பிடிப்பார்கள் என்று தெரிந்ததும் அக்கா கேட்டார்: "நமக்கு நிக்கிறதே கொஞ்சம், இதையும் நாமளே குடுக்கணுமா?" எல்லாத் தளங்களிலும் பார்த்ததைத்தான் நானும் செய்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'கன்வீனியன்ஸ் ஃபீ: 3 சதவீதம்.' பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஏழு மாதம் கழித்துத் திருச்சியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கூரியர் சேர்த்து 600 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார், 618 பிடித்திருக்கிறது. "தம்பி, பதினெட்டு ரூபாய் பெரிசில்ல. நான் யுபிஐல தான் அனுப்பினேன். யுபிஐக்குக் கட்டணம் இல்லைன்னு தானே சொல்றாங்க? அப்ப இந்தப் பதினெட்டு ரூபாய் யாருக்குப் போகுது?"

"கேட்வே சார்ஜும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. அன்று இரவு கணக்கை எடுத்துப் பார்த்தேன். இந்தக் குறிப்புகள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

1. கணக்கு

நாங்கள் எடுத்திருந்த கேட்வேயில் கிரெடிட் கார்டுக்கும் நெட் பேங்கிங்குக்கும் 2 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 2.36 சதவீதம். யுபிஐக்கு ஒன்றும் கிடையாது. (எல்லா கேட்வேயும் இப்படி இல்லை. சிலர் யுபிஐக்கும் 'தளக் கட்டணம்' என்று வேறு பெயரில் வாங்குவதுண்டு.)

டீச்சரம்மா வாங்கிய மாதத்தில் தளத்தின் மொத்த விற்பனை 84,000 ரூபாய். அதில் யுபிஐ 70,000. கார்டும் நெட் பேங்கிங்கும் சேர்த்து 14,000. 3 சதவீதம் என்ற பெயரில் நாங்கள் வாங்கியது 2,520. கேட்வே பிடித்தது எவ்வளவு? 14,000, அதன்மேல் வாங்கிய கட்டணம் 420, மொத்தம் 14,420. அதில் 2.36 சதவீதம் என்றால் 340 ரூபாய்.

2,520 வாங்கி 340 கட்டியிருக்கிறோம். மிச்சம் 2,180. இதில் 2,100 ரூபாய் யுபிஐயில் கட்டியவர்களுடையது. அவர்களால் எங்களுக்கு ஒரு பைசா செலவு கிடையாது. டீச்சரம்மாவின் பதினெட்டு ரூபாய் யாருக்கும் போகவில்லை. எங்களிடமே இருந்தது.

கடலைமிட்டாய் விற்பவர் கணக்கே இப்படி என்றால் பெரிய கடைகளின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. ஜிஎஸ்டி பதிவு செய்த வியாபாரி கேட்வே கட்டணத்தின் மேல் கட்டும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவருடைய உண்மைச் செலவு 2 சதவீதம்தான். 2.36 என்று காட்டி வாங்கினாலே 0.36 லாபம். அக்கா ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர், விற்பனை எல்லாம் தமிழ்நாட்டுக்குள்தான். அதனால் அவருக்கு இந்த வசதி கிடையாது.

2. சட்டம் என்ன சொல்கிறது, எங்கே நிறுத்திக்கொள்கிறது

வியாபாரியிடம் வங்கித் தரப்பு பிடிக்கும் கமிஷனுக்கு எம்டிஆர் என்று பெயர். டெபிட் கார்டு எம்டிஆருக்கு ரிசர்வ் வங்கி 2017 டிசம்பர் 6-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை மூலம் உச்சவரம்பு வைத்தது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள வியாபாரிக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 0.90 சதவீதம். 2018 ஜனவரி 1 முதல் அமல். அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு. டெபிட் கார்டில் பணம் வாங்கும்போது வியாபாரி இந்தக் கமிஷனை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் பூஜ்யம். இதற்காக 2007-ஆம் ஆண்டின் பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தில் 10ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட மின்னணு வழிகளில் பணம் கட்டுபவரிடமும் பெறுபவரிடமும் எந்த வங்கியும், கட்டண முறையை நடத்தும் எந்த நிறுவனமும் கட்டணம் விதிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

கவனிக்கவேண்டியது எழுவாயை. வங்கி விதிக்கக் கூடாது, கட்டண முறையை நடத்துபவர் விதிக்கக் கூடாது. மிட்டாய் விற்பவர்? அவரைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. அவர் 'இது எம்டிஆர் இல்லைங்க, கன்வீனியன்ஸ் ஃபீ' என்று சொல்லிவிட்டால் அந்தப் பிரிவைத் தாண்டிப் போய்விடலாம். நான் அந்த வரியைச் சேர்த்தபோது 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்ற பெயரை ஏன் வைத்தேன் என்று யோசித்தேன். எல்லோரும் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் காரணம். எதற்கான காசு என்று சொல்லாத பெயர் என்பதால்தான் எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது.

இன்னொன்று: யுபிஐ இலவசம் என்பதும் முழு உண்மை இல்லை. அதை நடத்தும் செலவை யாரோ கொடுக்கிறார்கள். சிறு வியாபாரிகளுக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ பரிவர்த்தனைகளுக்காக 2024-25-க்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது நம் வரிப்பணம். டீச்சரம்மா வரியாக ஒருமுறை கொடுத்திருக்கிறார், எங்கள் தளத்தில் இரண்டாம் முறை கொடுத்திருக்கிறார்.

3. ரயில் டிக்கெட்

இந்தப் பழக்கத்தை நமக்குச் சாதாரணமாக்கியதில் ரயில் டிக்கெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐஆர்சிடிசி பல வருடங்கள் இணைய டிக்கெட்டுக்குச் சேவைக் கட்டணம் வாங்கியது. ஏசி அல்லாத வகுப்புக்கு 20 ரூபாய், ஏசிக்கு 40. பணமதிப்பிழப்பு அறிவித்த பிறகு, மக்களை டிஜிட்டலுக்குப் பழக்குவதற்காக 2016 நவம்பர் 23 முதல் அது நிறுத்தப்பட்டது. மக்களும் பழகினார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் கன்வீனியன்ஸ் ஃபீயாகத் திரும்ப வந்தது. 15 ரூபாய், 30 ரூபாய். யுபிஐ வழியாகக் கட்டினால் 10, 20. இதன்மேல் ஜிஎஸ்டி தனி.

இதில் இரண்டு விஷயங்கள். டிக்கெட் 200 ரூபாயாக இருந்தாலும் 2,000 ரூபாயாக இருந்தாலும் ஒரே தொகை. ஆனால் கார்டு கமிஷன் தொகைக்குத் தகுந்தாற்போல் சதவீதமாகத்தான் பிடிக்கப்படுகிறது. இரண்டாவது, எம்டிஆர் பூஜ்யமான யுபிஐக்கும் 10, 20 உண்டு. ஆக இது பணம் செலுத்தும் செலவே இல்லை. இணையதளச் சேவையின் விலை. கார்டில் கட்டுபவர்களுக்கு வங்கிக் கட்டணம் தனியாக வேறு வரும்.

இது செலவை ஈடுகட்டும் தொகையா வருமானமா என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால் 2021 அக்டோபர் கடைசியை நினைத்துக்கொள்ளலாம். கன்வீனியன்ஸ் ஃபீயில் பாதியை ரயில்வேக்குத் தரவேண்டும் என்று அமைச்சகம் சொன்னது. பங்குச்சந்தையில் ஐஆர்சிடிசி பங்கு தடாலென்று விழுந்தது. மறுநாளே முடிவு திரும்பப் பெறப்பட்டது. வெறும் செலவை ஈடுகட்டும் தொகையில் பாதி போகிறது என்பதற்காகப் பங்கு அப்படி விழாது. அது லாபம் என்று சந்தைக்குத் தெரிந்திருந்தது. டிக்கெட் வாங்குபவர்களுக்குத்தான் 'வசதிக் கட்டணம்' என்று சொல்லப்பட்டது.

இதை ஐஆர்சிடிசி மீது குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் தொகையை வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். கவுன்டருக்குப் போனால் அந்தக் கட்டணம் இல்லாமல் வாங்கவும் முடியும். அக்காவின் தளத்தில் அந்த இரண்டுமே இல்லை.

4. வேறு நாடுகளில்

ஆஸ்திரேலியாவில் 2003 முதல் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்க வியாபாரிகளுக்கு அனுமதி உண்டு. காரணம் நியாயமானதுதான். எந்தக் கார்டு அதிகம் செலவு வைக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியட்டும், மலிவான வழிக்கு மாறிக்கொள்ளட்டும். நடந்தது வேறு. செலவைவிட அதிகமாக வாங்க ஆரம்பித்தார்கள். விமான டிக்கெட்டுகளில் டிக்கெட் விலை எதுவானாலும் ஒரே தொகை என்று வந்தது. கடைசியில் 2016-ல் விதியை இறுக்கினார்கள். உண்மைச் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. முதலில், 2015 டிசம்பரில், வங்கிகளுக்கு இடையிலான கார்டு கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. டெபிட்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட்டுக்கு 0.3. அப்புறம் 2018 ஜனவரி 13 முதல், நுகர்வோர் கார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. வியாபாரியின் செலவைக் குறைத்துவிட்டு, பிறகு அவர் கையைக் கட்டியது. இந்த வரிசை முக்கியம். நம் ஊரில் கிரெடிட் கார்டு கமிஷனுக்கு உச்சவரம்பு கிடையாது. வரம்பே வைக்காமல் 'வாடிக்கையாளரிடம் வாங்காதே' என்று மட்டும் சொன்னால் அடி சின்ன வியாபாரிக்குத்தான்.

அங்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில், ஒரு பேருந்து நிறுவனத்தின் வழக்கில், பேபால் மூலம் கட்டுபவரிடம் தனிக் கட்டணம் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டம் தடுத்த வழிகளுக்குள் நேரடியாக வராத வழி என்றால் கட்டணமும் வரலாம். நம் 10ஏ பிரிவின் எழுவாய்ச் சிக்கல் மாதிரியேதான்.

5. விலையிலேயே சேர்த்துவிட்டால்?

நான் மதிக்கும் ஒரு நண்பர் இதற்கு எளிமையான தீர்வு சொன்னார். "கரண்ட் பில், வாடகை எல்லாம் தனியா போடுறீங்களா? இதையும் விலையில சேர்த்துட்டுப் போங்க."

பாதி சரி. சேர்த்துவிட்டால் யுபிஐயில் கட்டுபவரும் கார்டுச் செலவைச் சுமக்கிறார். கிரெடிட் கார்டு கமிஷனில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி ரிவார்டு பாயிண்ட், கேஷ்பேக், விமான நிலைய லவுஞ்ச் என்று கார்டுக்காரருக்குத் திரும்புகிறது. யுபிஐயில் 200 ரூபாய்க்குப் பொடி வாங்குபவர், கார்டு வைத்திருப்பவரின் பாயிண்டுக்குக் காசு கொடுக்கிறார். கார்டு கிடைக்காதவர் கார்டு கிடைத்தவருக்குக் கொடுக்கும் மானியம் இது. தனியாகக் கட்டணம் வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஆனால் அந்த நியாயம் கட்டணம் வழிக்கு வழி மாறினால் மட்டுமே செல்லும். கேஷ் ஆன் டெலிவரியைப் பாருங்கள். பல கடைகள் அதற்கு மட்டும் கூடுதல் தொகை வாங்குகின்றன. கூரியர்காரர் பணம் வசூலிப்பதற்குத் தனியாகக் கேட்கிறார், பார்சல் திரும்பி வந்தால் போகவர இரண்டு பக்கச் செலவு. யார் செலவு வைக்கிறாரோ அவரிடம் வாங்குகிறார்கள், வேண்டாம் என்பவர் முன்பணம் கட்டித் தப்பித்துக்கொள்ளலாம். இதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

எல்லோருக்கும் ஒரே 3 சதவீதம் என்பது செலவை யார் வைத்தார்கள் என்று கேட்பதே இல்லை. அது விலையின் ஒரு துண்டு. முதல் பக்கத்தில் காட்டாமல் கடைசிப் பக்கத்தில் காட்டப்படும் துண்டு.

இதற்கும் பெயர் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 வகையான 'டார்க் பேட்டர்ன்'கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்று 'டிரிப் ப்ரைசிங்'. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது. முகவரி, பின்கோடு, போன் நம்பர் எல்லாம் டைப் செய்து முடித்த பிறகு ஆறு ரூபாய்க்காக யாரும் வெளியே போகமாட்டார்கள். அந்த அலுப்பின் மேல்தான் இந்த வியாபாரம் நிற்கிறது.

6. எம்ஆர்பி

எனக்கு உறைத்தது அக்காவின் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான். அரைக் கிலோ கடலைமிட்டாய். எம்ஆர்பி 200 ரூபாய், எல்லா வரிகளும் உட்பட என்று நாங்களே அச்சடித்து ஒட்டியிருக்கிறோம். தளத்தில் வாங்கினால் 206.

பஸ் ஸ்டாண்டில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 25-க்கு விற்றால் சண்டை போடுகிறவன் நான். 'கூலிங் சார்ஜ் சார்' என்று கடைக்காரர் சொன்னால், பாட்டிலைத் திருப்பி எம்ஆர்பியைக் காட்டுவேன். எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது என்று பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கூரியர் என்பது வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வேறொரு சேவை, அதைத் தனியாக வாங்கலாம். விற்ற பொருளுக்குக் காசு வாங்கிக்கொள்வது எப்படித் தனிச் சேவையாகும்? காசு வாங்காமல் விற்பனையே கிடையாதே. இது என் வாசிப்பு. சட்டம் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஆனால் கூலிங் சார்ஜுக்கும் கன்வீனியன்ஸ் ஃபீக்கும் வித்தியாசம் என்ன என்று இன்றுவரை எனக்கு ஒரு பதில் கிடைக்கவில்லை.

7. அக்கா

கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இவ்வளவு நாளா சும்மாவா வாங்குனேன்?" என்றார். அடுத்த நிமிடமே, "அட்டைப்பெட்டி வெல ஏறிருச்சு, கடலை ஏறிருச்சு. அந்தக் காசு அதுக்குத்தான்டா போச்சு. நான் என்ன நகையா வாங்குனேன்?" என்றார்.

அதுவும் உண்மைதான். அப்படியானால் விலையை ஏற்றலாமே என்றேன். அவர் சொன்ன பதிலில்தான் விஷயமே இருக்கிறது. "நான் 206ன்னு போட்டா, பக்கத்துக் கடைக்காரன் 200ன்னு போட்டுட்டுக் கடைசில அந்த ஆறு ரூபாயை வாங்கிக்குவான். பாக்குறவங்க அவன்கிட்டத்தான் போவாங்க."

விலையை ஒழுங்காகச் சொல்பவர் பட்டியலில் அதிக விலைக்காரராகத் தெரிகிறார். ஒருவர் மட்டும் திருந்தினால் அவருக்கு நஷ்டம். இது தனிமனித நேர்மையால் மட்டும் தீராது, எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும். அந்த விதி ஒரே வரியில் அடங்கும் என்றும் நினைக்கிறேன். பொருளுக்குப் பக்கத்தில் முதலில் காட்டப்படும் விலைதான் அந்தப் பொருளுக்கு ஒருவர் கட்டவேண்டிய அதிகபட்ச விலையாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில் விலை இறங்கலாம், ஏறக் கூடாது.

கேட்வே ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். படிக்காமல் சம்மதம் என்று டிக் அடித்திருந்தேன். கமிஷனை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது என்று அதிலேயே ஒரு வரி இருந்தது.

கடைசியில் செய்தது இது. 3 சதவீத வரியை எடுத்துவிட்டோம். புதிய பாக்கெட்டுகளில் எம்ஆர்பி 206 என்று அச்சடித்தோம். யுபிஐயில் கட்டினால் 5 ரூபாய் தள்ளுபடி, அதையும் பொருளுக்குப் பக்கத்திலேயே போட்டாயிற்று. கார்டில் கட்டுபவர் தன் செலவைச் சுமக்கிறார், யுபிஐக்காரர் சுமக்கவில்லை. விலை ஏறியது ஏறியதாகவே தெரிகிறது. ஆர்டர் குறையுமோ என்ற பயம் அக்காவுக்கு இன்னும் போகவில்லை.

பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. 2020 ஆகஸ்டில், ஜனவரி 1-க்குப் பிறகு யுபிஐ போன்ற வழிகளுக்குப் பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மத்திய நேரடி வரிகள் வாரியம் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வங்கிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா? டீச்சரம்மாவுக்குப் பதினெட்டு ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். "கணக்கு சரியா இருக்கணும், அவ்வளவுதான் தம்பி" என்றார். மற்ற யுபிஐ வாடிக்கையாளர்களின் பெயரும் தொகையும் ஒரு நோட்டில் எழுதியாயிற்று. திரும்ப ஆர்டர் செய்பவர்களுக்கு அதில் கழித்துவிடுகிறோம். திரும்ப வராதவர்களுக்கு அனுப்பவேண்டும். பாதிப் பேர் முடிந்திருக்கிறது.

நீங்களும் எங்காவது யுபிஐயில் கட்டும்போது இப்படி ஒரு வரியைப் பார்த்தால், 'இது எதற்கு?' என்று ஒரு தடவை போன் செய்து கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் முதலில் கடைக்காரரிடமே கேளுங்கள். என்னை மாதிரி, யோசிக்காமல் போட்டவராகக்கூட இருக்கலாம்.